மாற்றுத்திறனாளித் தொழிலாளரும் வழக்குரிமையும்

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் அன்றாட வேலையைத் தொழிலாளி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆள் தேவைப்படும் காலை வேளைகளில், கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளை வீசி எறிவார். 'சாப்பா' எனப்பட்ட அந்த வில்லையை முண்டியடித்து எடுத்தவருக்கு அன்று வேலை. எடுக்க இயலாதவர் வீடு திரும்ப வேண்டியதுதான். இம்முறையை ஒழிக்கக் கோரி நடைபெற்ற நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர், தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கேரளத் தொழிலாளர் வரலாற்றில் அந்நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

சாப்பா முறையில் ஒருவருக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வில்லையை எடுக்கத் தவறியது அவருடைய குறையாகவே கொள்ளப்படும். கால் ஊனமுற்ற ஒருவரை அங்கே எவரும் வெளிப்படையாக விலக்கியிருக்கத் தேவையில்லை. கூட்டத்தில் அவர் பின்தங்கியதே போதுமான விலக்கல். பிற்காலத்தில் இம்முறை மறைந்தது. ஆனால் காரணம் கூறாமல் விலக்கும் வழக்கம் வேலை உலகத்திலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இன்றைய சட்டம் முதலில் உடைக்க முயல்வது இந்த மௌனத்தைத்தான். ஊனத்தின் பேரால் வேலையோ பதவி உயர்வோ மறுக்கும் நிர்வாகம், அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் ஆராயத்தக்கதாக இருக்க வேண்டும். மறுப்பதற்கு முன் என்ன மாற்று ஏற்பாடு செய்து பார்க்கப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். இவை எழுத்தில் கிடைத்தால் வழக்கு நிற்கும். கிடைக்காவிட்டால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழக்கு தள்ளாடும். இவற்றைப் பெறும் வாய்ப்பு எல்லாத் தொழிலாளருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதே இத்துறையின் பெரிய சிக்கல்.

மட்டாஞ்சேரி இதனைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். எதிரே வில்லிங்டன் தீவில் மத்திய அரசின் கீழ் இயங்கும் பெருந்துறைமுகம். ஊருக்குள் மாநில அரசின் அலுவலகங்கள். கடைத்தெருவில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்குகள், நாலைந்து பேர் மட்டும் வேலை பார்க்கும் வணிகக் கூடங்கள். ஒரே தெருவில் குடியிருக்கும், ஒரே வகை ஊனமுள்ள மூவர் இம்மூன்று இடங்களிலும் பணியாற்றினால், மூவருக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு வேறு வேறாக இருக்கும். காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில், கேரள உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அங்கே சென்று சேரும் வழி மூவருக்கும் ஒன்றன்று.

காவல் துறை எழுத்தரின் வழக்கு

அந்த உயர் நீதிமன்றத்திலிருந்து புறப்பட்டு நாடு முழுவதற்கும் விதியாகிவிட்ட வழக்கு ஒன்று உண்டு. கேரள அரசு எதிர் லீசம்மா ஜோசப் என்ற அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 28 அன்று தீர்ப்பளித்தது. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்ட அப்பெண்மணிக்கு மருத்துவச் சான்றிதழின்படி 55 சதவிகித நிரந்தர ஊனம். அவருடைய சகோதரர் பணிக்காலத்திலேயே இறந்ததால், 1996ஆம் ஆண்டில் கருணை அடிப்படையில் காவல் துறையில் அவருக்குத் தட்டச்சர், எழுத்தர் நிலையில் வேலை கிடைத்தது. அதே 1996இன் பிப்ரவரி மாதத்தில்தான், ஊனமுற்றோருக்குச் சம வாய்ப்பும் உரிமைப் பாதுகாப்பும் அளிக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊழியரும் அவரைக் காக்க வேண்டிய சட்டமும் ஏறக்குறைய ஒரே வேளையில் பணியில் சேர்ந்தனர் எனலாம்.

துறைத் தேர்வுகளில் தேறிய அவர் படிப்படியாகக் காசாளர் நிலை வரை உயர்ந்தார். ஆயினும், ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டைப் பதவி உயர்விலும் கணக்கிட்டிருந்தால் இந்த உயர்வுகள் பல ஆண்டுகள் முன்னரே கிடைத்திருக்கும் என்பது அவர் வாதம். மாநில அரசின் பதில் இரண்டு வகையாக அமைந்தது. பதவி உயர்வில் ஒதுக்கீடு அளிக்கும் விதி ஏதும் மாநிலத்தில் இல்லை என்பது ஒன்று. அவர் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பணிக்கு வந்தவரல்லர், கருணை அடிப்படையில் வந்தவர். எனவே ஒதுக்கீட்டின் பயனைப் பின்னர் கோர இயலாது என்பது மற்றொன்று. மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் அவருடைய மனுவைத் தள்ளியது. கேரள உயர் நீதிமன்றம் 2020 மார்ச் மாதத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், சுபாஷ் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு இரு வாதங்களையும் ஏற்கவில்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டால் ஊனமுற்ற ஊழியர் தாம் நுழைந்த பதவியிலேயே தேங்கிப்போவார். வேலைவாய்ப்பில் சமநிலை அளிப்பதே சட்டத்தின் நோக்கமாகையால் பதவி உயர்வும் அதனுள் அடங்கும் என்று அமர்வு கூறியது. விதிகள் இயற்றப்படவில்லை என்பதும், எந்தப் பதவிகள் ஏற்றவை என இன்னும் கண்டறியப்படவில்லை என்பதும் சட்டம் தந்த உரிமையை முடக்கிவிட முடியாது. கண்டறிய வேண்டிய கடமை அரசுடையது. தன் கடமையைச் செய்யாததையே அரசு எதிர்வாதமாகக் கொண்டுவரலாகாது. ஊழியர் எந்த வாயில் வழியே பணிக்கு வந்தார் என்பதும் பொருட்டன்று. பதவி உயர்வு பரிசீலிக்கப்படும் வேளையில் அவர் ஊனமுற்றவரா என்பதே கேள்வி. ஏற்ற பதவிகளைக் கண்டறிந்து ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்த மாநில அரசுக்கு 3 மாத அவகாசம் தரப்பட்டது.

இத்தீர்ப்பு வெற்றிடத்தில் பிறக்கவில்லை. பிரசார் பாரதி பொறியாளர்கள் தொடர்பான ராஜீவ் குமார் குப்தா வழக்கில் 2016இலும், கர்நாடகத்திலிருந்து வந்த சித்தராஜு வழக்கில் 2020 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே திசையில் சென்றிருந்தது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு குறித்த 1992ஆம் ஆண்டு இந்திரா சாஹ்னி தீர்ப்பில் பதவி உயர்வு ஒதுக்கீட்டுக்கு விதிக்கப்பட்ட தடை ஊனமுற்றோருக்குப் பொருந்தாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. மத்திய அரசும் 2022 மே மாதத்தில் தன் ஊழியர்களுக்குப் பதவி உயர்வு ஒதுக்கீடு குறித்த விரிவான அறிவுறுத்தலை வெளியிட்டது.

ஆனால் 1996இல் பணியேற்ற ஒருவர், அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பயனைப் பெற 2021 வரை செல்ல வேண்டியிருந்தது என்பதை நிர்வாகத் துறையினர் சற்று நின்று நோக்க வேண்டும். இவ்வழக்கில் கொடுமை செய்த மேலதிகாரி என்று எவரும் இல்லை. இருந்தது கோப்பு மட்டுமே. அக்கோப்பில் 'விதியில் இடமில்லை' என்ற குறிப்பு. ஊனம் காரணமான பாகுபாடு அரசு அலுவலகங்களில் பெரும்பாலும் இந்த முகத்தோடுதான் வருகிறது.

பாகுபாடு என்பது எது?

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 எடுத்துக்கொண்டது. பழைய சட்டம் 7 வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. புதிய சட்டம் 21 வகைகளை. இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் தாக்கம் புதிய சட்டம் முழுவதிலும் தெரிகிறது. குறிப்பாகப் பாகுபாடு என்ற சொல்லின் வரையறையைக் கூறலாம். ஊனத்தைக் காரணம் காட்டி விலக்குவது, கட்டுப்படுத்துவது ஆகியவற்றோடு, 'நியாயமான வசதி ஏற்பாடு' செய்ய மறுப்பதையும் பாகுபாடாகவே இச்சட்டம் கொள்கிறது.

இந்த ஏற்பாடு என்பது யாது? நிறுவனத்தின்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், குறிப்பிட்ட ஒருவர் மற்றவரைப் போல வேலை செய்ய உதவும் மாற்றம். மேசையின் உயரத்தை மாற்றுவது, மாடியிலிருக்கும் பிரிவைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவருவது, வாய்மொழி உத்தரவை எழுத்து உத்தரவாக்குவது, பணி நேரத்தைச் சற்றுத் தள்ளிவைப்பது எல்லாம் இதில் அடங்கும். எல்லாருக்கும் பொதுவான பட்டியல் இதற்கு இல்லை. ஒவ்வொருவருடைய தேவையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்பதை விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஏற்பாட்டின் செலவை ஊழியரின் தலையில் கட்டலாகாது என்பதும் 2017ஆம் ஆண்டு விதிகளில் தெளிவாக உள்ளது.

சட்டத்தின் 3ஆம் பிரிவு ஊனத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்று பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் ஒரு விலக்கும் அதிலேயே உண்டு: நியாயமான ஒரு நோக்கத்தை அடைய அளவோடு மேற்கொள்ளப்பட்ட வழி அது என்று காட்டினால் பாகுபாடு ஆகாது. வழக்குகள் பெரும்பாலும் இந்த விலக்கைச் சுற்றியே நடக்கின்றன. தமிழ்நாட்டில், அப்போதைய மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான முகமது இப்ராகிம் என்பவருக்கு மருத்துவச் சோதனையில் நிறக்குருடு இருப்பது தெரியவந்தது. மின்கம்பிகளின் நிறத்தைப் பிரித்தறிய இயலாதவரால் இவ்வேலையைச் செய்ய முடியாது என்றது கழகம். கேட்ட அளவில் இக்காரணம் வலுவாகவே தோன்றும். எனினும் உதவிப் பொறியாளரின் வேலை முழுவதும் கம்பத்தின் மேல் நடப்பதன்று. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஏற்ற பணியிடம் அளிக்குமாறு உத்தரவிட்டது. சட்டத்தின் பட்டியலில் நேரடியாக இடம்பெறாத குறைபாட்டுக்கும் வசதி ஏற்பாட்டின் கருத்து நீண்டது இவ்வழக்கின் சிறப்பு. 'இந்தப் பதவிக்குத் தகுதியில்லை' என்ற ஒற்றை வரிக்குள் ஒரு பதவியின் பத்துப் பன்னிரண்டு வேலைகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கலாம்; அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே வழக்கறிஞரின் முதல் வேலையாகிறது.

பணிக்காலத்தில் ஊனமடைந்தவர்கள்

பணியில் சேர்ந்த பிறகு ஊனமடைபவர்களுக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு அளித்துள்ளது. பழைய சட்டத்தின் 47ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 20(4)ஆம் பிரிவும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன. அரசு நிறுவனம் எதுவும் இத்தகைய ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலை இயலாதெனில் அதே சம்பள விகிதத்துடன் வேறு பதவிக்கு மாற்ற வேண்டும். அத்தகைய பதவி இல்லையெனில், ஏற்ற பதவி கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ, கூடுதலாக உருவாக்கப்படும் மிகைப் பதவியில் வைத்திருக்க வேண்டும்.

பணியின்போது காலில் அடிபட்டு, தசை அழுகல் ஏற்பட்டுக் கால் துண்டிக்கப்பட்ட காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு கட்டாயமானது என்றது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டார் என்பதாலேயே வேலையுரிமை அற்றுப்போகாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. இப்பாதுகாப்புக்கு எல்லைகளும் உண்டு. ஆயுதம் தாங்கும் சில படைப்பிரிவுகளுக்கு அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம். 2002இலும் பின்னர் 2021 ஆகஸ்டிலும் அவ்வாறு விலக்குகள் அறிவிக்கப்பட்டன.

பகவான் தாஸ் வழக்கு இவை எல்லாவற்றிலும் கூர்ந்து படிக்கத்தக்கது. பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் உதவிக் கம்பியாளராக இருந்தவர் பணிக்காலத்தில் கண்பார்வையை முற்றிலும் இழந்தார். தமக்கு ஓய்வு கொடுத்துத் தம் மனைவிக்கு ஏதேனும் வேலை தருமாறு அவர் கடிதம் எழுதினார். வாரியம் அக்கடிதத்தின் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. விரும்பி ஓய்வு பெற்றார் என்று கோப்பை மூடியது. 2008இல் உச்ச நீதிமன்றம் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. சட்டம் தமக்கு என்ன உரிமை தந்திருக்கிறது என்பதை அறியாத ஒருவர் துன்பத்தில் எழுதிய கடிதத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது. அவ்வுரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமை என்றது. அவரை மீண்டும் பணியில் சேர்க்க நேர்ந்தது. விபத்துக்குப் பின் மருத்துவமனைக் கட்டிலில் வைத்துப் பெறப்படும் விலகல் கடிதங்கள் குறித்து எந்தத் தொழிற்சங்கக்காரரைக் கேட்டாலும் கதை சொல்வார். கையெழுத்திட்ட பின்னும் வழி உண்டு என்பதற்குப் பகவான் தாஸ் வழக்கு ஆதாரம். கையெழுத்திடாமலிருப்பதே மேல் என்பதற்கும் அதுவே ஆதாரம்.

எங்கே முறையிடுவது?

முறையீட்டின் படிகளில் முதற்படி நிறுவனத்திற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்திற்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதில் நிறைவு கிட்டாதவர் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். இது அரசு ஊழியருக்கான வழி.

2017ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி இதைவிட விரிந்தது. ஆனால் குறைவாகவே பயன்படுத்தப்படுகிறது. அரசு நிறுவனத் தலைவரும், 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் நிறுவனத் தலைவரும், ஊனம் காரணமான பாகுபாடு குறித்துப் புகார் வந்தால் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையேல், தாம் செய்தது எந்த நியாயமான நோக்கத்திற்காக, எவ்வாறு அளவோடு செய்யப்பட்டது என்பதைப் புகார்தாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாப்பாவின் மௌனத்துக்கு நேர் எதிரான விதி இது. எழுத்தில் வரும் பதில் பெரும்பாலும் ஒரு வகையில் பயன்படும்: காரணம் நேர்மையானதாக இருந்தால் ஊழியர் தம் நிலையை உணர்ந்துகொள்ளலாம், சாக்காக இருந்தால் அதுவே வழக்கின் முதல் ஆவணமாகிவிடும். பதிலே வராவிட்டால், வரவில்லை என்பதை நிறுவும் அஞ்சல் ஒப்புகைச் சீட்டு ஆவணமாகும். ஆதலால் வாய்மொழிப் புகாரோடு நின்றுவிடுவது பெரும் பிழை.

அடுத்த படி ஆணையர். மத்திய அரசு நிறுவனங்கள் தொடர்பாக முதன்மை ஆணையரும், மாநில நிறுவனங்கள் தொடர்பாக மாநில ஆணையரும் முறையீட்டை ஏற்பர். பாகுபாடு குறித்த புகாரை 60 நாளிலும், அவசரமானால் 30 நாளிலும் முடிக்க வேண்டுமென விதி கூறுகிறது. சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதிலும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையருக்கு உண்டு. ஆயினும் முடிவில் அவர் செய்வது பரிந்துரையே. நிறுவனம் 3 மாதத்தில் தான் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். ஊழியரை ஓய்வு பெறச் செய்யாதே என்று இடைக்கால உத்தரவிடும் அதிகாரம் ஆணையருக்கு இல்லை என்பதை, பாட்டியாலா வங்கி தொடர்பான வழக்கு ஒன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஓய்வு நாள் நெருங்கிய நிலையில் ஆணையரிடம் மட்டும் மனுச் செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள் இதனால் ஏமாந்ததுண்டு. விரைவான தடை தேவைப்படுமிடத்தில் தீர்ப்பாயத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாடுவதே தக்கது. தீர்ப்பாயத்தில் மனுச் செய்யப் பொதுவாக இறுதி உத்தரவு வந்து ஓராண்டே காலவரம்பு என்பதையும் மறக்கலாகாது.

வழக்குச் செலவைப் பற்றிய அச்சம் பலரைத் தடுக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்பு ஏதுமின்றி, இலவச வழக்கறிஞர் உதவி பெறும் உரிமையுடையவர்கள். வட்ட அளவிலுள்ள சட்டப் பணிகள் குழுவிடமே இதற்கு விண்ணப்பிக்கலாம். ஊனச் சான்றிதழ், நியமன ஆணை, சம்பளச் சீட்டு, நிறுவனத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் நகல்கள் கையிலிருந்தால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கிடங்குகளில் நிலை

இதுவரை கூறியவற்றுள் பெரும்பகுதி அரசு நிறுவனங்களைப் பற்றியதே. 'அரசு நிறுவனம்' என்பதில் அரசுக் கம்பெனிகளும், சட்டத்தால் அமைந்த கழகங்களும், அரசின் உதவி பெறும் அமைப்புகளும் அடங்கும் என்பது உண்மை. ஆனால் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் மிளகுக் கிடங்கு அதில் அடங்காது.

ஒரு கிடங்கில் எடை எழுத்தராக இருப்பவருக்குக் காது கேளாமல் போகிறது என வைத்துக்கொள்வோம். தராசுக்காரர் கூவும் எடையைக் கேட்டு எழுத அவரால் இயலவில்லை. எண்களை ஒளியில் காட்டும் மின்தராசு ஒன்று இருந்தால் அவரால் முன்போலவே எழுத முடியும். துறைமுக நிர்வாகத்தின் கிடங்கில் அவர் இருந்திருந்தால் 20(4)ஆம் பிரிவு அவரைக் காத்திருக்கும். 20 பேருக்கு மேல் வேலை பார்க்கும் தனியார் ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்திருந்தால் அப்பிரிவு துணைவராது. எனினும் 3ஆம் பிரிவும் 3ஆம் விதியும் உண்டு. அந்நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, ஆணையரிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஆறு பேர் வேலை பார்க்கும் கிடங்கில் இருந்தால் 3ஆம் பிரிவின் பொதுத் தடை மட்டுமே எஞ்சும். எழுத்தில் காரணம் கூறும் கடமையை விதி அந்த முதலாளிமீது சுமத்தவில்லை. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுமுறை 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடமளிக்கிறது. அபராதம் அரசுக்குச் செல்லும்; வேலை இழந்தவருக்கு இவ்வளவு இழப்பீடு என்று வரையறுக்கும் பிரிவு ஏதும் இல்லை.

சுமை தூக்குவோரின் நிலை இன்னும் சிக்கலானது. 1978ஆம் ஆண்டுக் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அவர்களுக்கு நல வாரியமும் வேலை ஒழுங்குமுறையும் உண்டு. ஆனால் ஒரே நாளில் நாலு வணிகர்களின் சரக்கைத் தூக்குபவருக்கு முதுகெலும்பு கெட்டால், மாற்று வேலை தர வேண்டிய முதலாளி யார் என்ற கேள்விக்கே விடை எளிதன்று.

வேறு நாடுகளில் இப்பிரச்சினை வேறு வழியில் அணுகப்படுகிறது. ஸ்காட்லாந்தில் ஃபைஃப் நகராட்சி மன்றத்தில் தெருப் பெருக்கும் பணியிலிருந்த ஒரு பெண்மணி, அறுவைச் சிகிச்சையில் நேர்ந்த சிக்கலால் நடக்க இயலாதவரானார். அலுவலக வேலைக்குப் பயிற்சி பெற்று, மன்றத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு விண்ணப்பித்தார். ஒவ்வொரு முறையும் மற்றவரோடு போட்டி நேர்காணலில் அமர வேண்டியிருந்தது, ஒன்றிலும் தேறவில்லை. முடிவில் பணி நீக்கம் செய்யப்பட்டார். 2004இல் பிரிட்டனின் அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை, போட்டியின்றி நேரே வேறு பணிக்கு மாற்றுவதும் முதலாளியின் கடமையில் அடங்கலாம் என்று கூறி, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பியது. அங்கே இச்சட்டம் தனியார், அரசு என்ற வேறுபாடின்றிப் பொருந்துகிறது. சிறு நிறுவனங்களுக்கு முன்பிருந்த விலக்கு அதே 2004இல் நீக்கப்பட்டது. இழப்பீட்டுக்கு உச்ச வரம்பும் இல்லை. நம் சட்டத்தின் 20(4)ஆம் பிரிவு ஒரு வகையில் இதைவிட உறுதியானது: மிகைப் பதவி வரை செல்கிறது. ஆனால் அது அரசின் வாசலோடு நின்றுவிடுகிறது.

இந்த வாசலுக்கு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால் நிலை விளங்கும். 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி நாட்டில் ஊனமுற்றோர் 2.68 கோடி, அவர்களுள் உழைத்துப் பொருளீட்டுவோர் சுமார் 36 சதவிகிதம். கேரளத்தில் மட்டும் ஊனமுற்றோர் ஏழரை லட்சத்துக்கு மேல். உழைப்போரில் அரசுப் பணியாளர் சிறு பகுதியினரே. தனியார் துறையை ஈர்க்க 2008இல் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது: ஊனமுற்றோரை வேலைக்கு அமர்த்தும் முதலாளி செலுத்த வேண்டிய வருங்கால வைப்பு நிதி, ஈட்டுறுதிப் பங்குகளை ஆரம்ப ஆண்டுகளுக்கு அரசே ஏற்கும் என்றது. பங்குத் தொகை செலுத்தும் அளவுக்குப் பதிவேடு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே இது பயன்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொருளாதார நோக்கில் பார்த்தால், மின்தராசின் விலை முதலாளியின் கணக்கில் உடனே தெரிகிறது. எடை எழுத்தர் வேலை இழப்பதன் விலை அவர் குடும்பத்திலும், பிள்ளைகளின் படிப்பிலும், அரசின் உதவித் தொகையிலும் சிதறிக் கிடப்பதால் எவர் கணக்கிலும் தெரிவதில்லை.

தனியார் தொழிலாளருக்கு எஞ்சியிருக்கும் மற்றொரு வழி தொழில் தகராறுச் சட்டம். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வேலை நீக்கத்தைச் சமரச அதிகாரியிடம் கொண்டுசெல்லலாம். தகராறு எழுந்து 2 ஆண்டுகள் கடந்துவிட்டால் சமரச நடவடிக்கை இல்லை. இங்கும் ஒரு தடைக்கல் உண்டு. தொடர்ந்த நோயுற்ற நிலையைக் காரணமாகக் கொண்ட நீக்கத்தைப் பழைய சட்டம் ஆட்குறைப்பாகக் கருதவில்லை. ஆகவே ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை. ஊனத்தை நோய் என்று எழுதிவிட்டால் முதலாளிக்கு வழி எளிதாகிவிடும். நீக்க உத்தரவின் சொற்களை ஊன்றிப் படிக்க வேண்டியது இதனாலேயே.

தொழிற்சங்க ஒப்பந்தம் இங்கே எதிர்பாராத வகையில் துணை செய்யக்கூடும். தெலங்கானா மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவர் நிறக்குருடு காரணமாக ஓய்வு பெறச் செய்யப்பட்டார். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவருக்கு மாற்றுப் பணி அளிக்க உத்தரவிட்டபோது, ஊனமுற்றோர் சட்டத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் போக்குவரத்துக் கழகமும் தொழிற்சங்கங்களும் 1979இல் செய்துகொண்ட உடன்பாட்டில், நிறக்குருடு கண்டறியப்படும் ஓட்டுநர்களுக்குச் சம்பளம் குறையாமல் மாற்று வேலை தர வேண்டும் என்ற பிரிவு ஒன்று இருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். அப்பிரிவை எழுதிச் சேர்த்த நாளில், ஊனமுற்றோருக்கென நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. மட்டாஞ்சேரிச் சந்தையில் வணிகர்களும் சங்கங்களும் கூலி விகிதத்திற்காகப் பேசி முடிக்கும் ஒப்பந்தங்களில் இத்தகைய பிரிவொன்றைச் சேர்க்க, அடுத்த பேச்சுவார்த்தையில் ஒரு தாளை மேசைமீது வைத்தால் போதும். சட்டத் திருத்தம் ஏதும் தேவையில்லை.